அழகா பார் கிராஃப் வரையுறாங்க, கேள்வி கேட்டா முழிக்கிறாங்க: ஒரு மூணாம் கிளாஸ் டீச்சருக்கு பதில்

இந்தத் தடவை எடுத்துக்கிட்டது ஒரு மூணாம் கிளாஸ் டீச்சரோட கடிதம். பேரு, ஸ்கூல், ஊரு எல்லாத்தையும் விட்டுட்டு விஷயத்தை மட்டும் சுருக்கமா சொல்லிடுறேன்.

அவங்க கிளாஸ்ல 34 பசங்க. பார் கிராஃப் பாடம் ஓடிட்டு இருக்கு. "ஸ்கூலுக்கு எப்படி வர்றீங்க?"ன்னு கேட்டு, டேலி மார்க் போட்டு, நடந்து 12, பஸ் 9, சைக்கிள் 7, பைக் 6ன்னு போர்டுல எழுதி, கட்டம் போட்ட நோட்டுல வரையச் சொல்லியிருக்காங்க. முக்காவாசி பேர் அடிஸ்கேல் வச்சு கோடு போட்டு கலர் அடிச்சு அம்சமா வரைஞ்சிட்டாங்க. எதுல நிறைய பேர் வர்றாங்கன்னு கேட்டா டக்குன்னு சொல்லிடுறாங்க. ஆனா "பஸ்ல வர்றவங்களைவிட நடந்து வர்றவங்க எத்தனை பேர் அதிகம்?"னு கேட்டா பாதி கிளாஸ் 12ங்குது, சில பேர் 21ங்குறாங்க. ஒரு கட்டத்துக்கு 2 பேர்னு அளவை மாத்தினதும் இன்னும் மோசம், 9ஐ எங்க நிறுத்துறதுன்னே தெரியல. ஒரு பொண்ணு அச்சுல, அதாவது பக்கத்துல நிமிர்ந்து நிக்கிற நம்பர் கோட்டுல, 0 போடாம அடிக்கோட்டுலயே 1ன்னு ஆரம்பிக்குது. ஒரு பையன் அச்சுல 6, 7, 9, 12ன்னு வரிசையா ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒண்ணா எழுதிட்டான், அவனுக்கு ஏதாவது கற்றல் குறைபாடு இருக்குமோ, அவங்க அம்மாகிட்ட சொல்லலாமான்னு கேக்குறாங்க. ஹெச்எம் நோட்டு நீட்டா இருக்கான்னு மட்டும் பாக்குறார், பக்கத்து கிளாஸ் டீச்சர் பேசாம கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டிட்டு பாடத்தை முடிங்கன்னு சொல்றாங்க. கடைசி பாராவுல கொஞ்சம் தயக்கத்தோட ஒண்ணு எழுதியிருக்காங்க, பசங்களுக்கு ஆர்வம் வரட்டும்னு எல்லாரோட வெயிட்டையும் எடுத்து பேரோட பார் கிராஃப் போட்டு சுவத்துல ஒட்டினாங்களாம், உசரமான பாருக்கு சொந்தமான பொண்ணை மத்த பசங்க கிண்டல் பண்ண, அவ அழுதுட்டு மறுநாள் ஸ்கூலுக்கு வரலயாம். "நான் செஞ்சது தப்பா, இதை எப்படி சரி பண்றது?"ன்னு முடிச்சிருக்காங்க.

முதல்ல அந்தப் பொண்ணு

டீச்சர், நீங்க கடைசியா எழுதினதை நான் முதல்ல எடுத்துக்கிறேன், மத்ததெல்லாம் ரெண்டு வாரம் தள்ளிப் போனாலும் ஒண்ணும் கெட்டுடாது. அந்த சார்ட் இன்னும் சுவத்துல இருந்தா இன்னைக்கே கழட்டிடுங்க. அவளை வச்சு கிளாஸ் முன்னாடி பெருசா ஒரு பேச்சு மட்டும் வேண்டாம், நல்லெண்ணத்துல செஞ்சாலும் மறுபடி எல்லாரும் அவளையே திரும்பிப் பாப்பாங்க. தனியா கூப்பிட்டு, "அந்த சார்ட்டை நான் மாட்டியிருக்கக் கூடாதும்மா, எடுத்துட்டேன்"னு ரெண்டு வரி சொன்னா போதும். அவ வீட்டுக்கும் நீங்களே முதல்ல பேசிடுங்க, வேற யார் மூலமாவது கேள்விப்பட்டு அவங்க வந்து நிக்கிறதைவிட நீங்களா சொல்றது எவ்வளவோ மேல். கிண்டல் பண்ண பசங்ககிட்டயும் பேசணும், ஆனா அது தனித்தனியா, இன்னொரு நேரத்துல.

தப்பான்னு கேட்டீங்க. நோக்கம் நல்லதுதான், பசங்களைப் பத்தின தகவலையே வச்சு கிராஃப் போடணும்ங்கறது ரொம்ப சரியான யோசனையும்கூட, அதை விட்டுடாதீங்க. எந்தத் தகவலை எடுக்குறோம்ங்கறதுல மட்டும்தான் பிசகு. வெயிட், மார்க்கு, நிறம், வீட்டு வருமானம், அப்பா அம்மா என்ன வேலை பாக்குறாங்க, இதெல்லாம் எட்டு வயசுக் குழந்தை தன்னால மாத்த முடியாத விஷயம், இல்லன்னா மத்தவங்களோட ஒப்பிட்டா கூசிப்போற விஷயம். கேள்வியை போர்டுல எழுதுறதுக்கு முன்னாடி, "இதுல ரொம்ப உசரமான பாரும் ரொம்ப குட்டையான பாரும் யாருதுன்னு தெரிஞ்சா அந்தக் குழந்தைக்கு சங்கடமா இருக்குமா?"ன்னு உங்களையே கேட்டுக்குங்க. இருக்கும்னு கொஞ்சம் தோணினாலும் வேற கேள்விக்குப் போயிடுங்க. பிடிச்ச விளையாட்டு, பிறந்த மாசம், பாத்த பறவை, இந்த வாரம் மழை பெய்ஞ்ச நாளு வெயில் அடிச்ச நாளுன்னு எடுக்கறதுக்கு எவ்வளவோ இருக்கு. பேரு தேவையில்லாத இடத்துல பேரே வேண்டாம்.

இதுல கணக்கு சம்பந்தமாவும் ஒண்ணு இருக்கு, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. வெயிட் கிராஃப்ல ஒரு பாருன்னா ஒரு ஆளு, அதோட உசரம் அந்த ஆளோட கிலோ. ஸ்கூலுக்கு எப்படி வர்றோம்ங்கற கிராஃப்ல ஒரு பாருன்னா ஒரு வகை, அதோட உசரம் எத்தனை பேருங்கறது. பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், உள்ள இருக்குற அர்த்தம் அடியோட வேற. ரெண்டையும் ஒரே வாரத்துல பாத்த குழந்தைக்கு "பாரு"ன்னா என்னன்னு குழம்பத்தான் செய்யும். இந்த வயசுல கொஞ்ச நாளைக்கு எண்ணிக்கை கிராஃப் மட்டும் போதும், உசரம்னா எப்பவும் "எத்தனை"ன்னு மனசுல பதியட்டும்.

நீட்டா வரைஞ்சா புரிஞ்சிடுச்சுன்னு அர்த்தமா?

உங்க கடிதத்துல ஒரு வரி வருது, "முக்காவாசி பேர் சரியா வரைஞ்சிட்டாங்க, அதனால கான்செப்ட் புரிஞ்சிடுச்சு, கேள்விக்கு பதில் சொல்லத்தான் தெரியல"ன்னு. இதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். போர்டுல 12, 9, 7, 6ன்னு நீங்க எழுதிக் குடுத்ததும் அவங்க செஞ்சது 12 கட்டம் எண்ணி கலர் அடிச்சதுதான். அதுக்கு எண்ணத் தெரிஞ்சா போதும், அந்த 12 கட்டமும் 12 பசங்கங்கற நினைப்பே தேவையில்ல. எது உசரம்னு சொல்றதுக்கும் கண்ணு மட்டும் போதும். அதனால இது ரெண்டையும் வச்சு புரிஞ்சுதா இல்லையான்னு சொல்லவே முடியாது.

கணக்குக் கல்வி ஆராய்ச்சியாளர் ஃபிரான்சிஸ் கர்சியோ 1987ல கிராஃப் படிக்கிறதை மூணு மட்டமா பிரிச்சு எழுதினாங்க, இன்னைக்கு வரைக்கும் டீச்சர்களுக்கு அதைவிட உபயோகமான பிரிவு நான் பாக்கல. முதல் மட்டம், கிராஃப்ல இருக்குறதை அப்படியே படிக்கிறது, பஸ்ல எத்தனை பேருங்குற மாதிரி. ரெண்டாவது, தகவலுக்கு நடுவுல படிக்கிறது, அதாவது ஒப்பிடுறது, கூட்டுறது, கழிக்கிறது. மூணாவது, தகவலைத் தாண்டி படிக்கிறது, கிராஃப்ல நேரா எழுதாத ஒண்ணை அதை வச்சு ஊகிக்கிறது. உங்க பசங்க முதல் மட்டத்துல நல்லா நிக்கிறாங்க, ரெண்டாவதுல கால் வைக்கத் தடுமாறுறாங்க. மூணாம் கிளாஸுக்கு இது ரொம்ப சாதாரணமான நிலைமை, உங்க கிளாஸ் மட்டும் பின்தங்கிட்டதா நினைக்காதீங்க.

அதனால நான் என்ன சொல்றேன்னா, நோட்டையும் கலர் பென்சிலையும் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வச்சுட்டு துண்டுச் சீட்டுலேர்ந்து மறுபடி ஆரம்பிங்க. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சீட்டு. அதுல அவன் தன் மூஞ்சியை வரையட்டும், ஏதாவது ஒரு அடையாளம் போடட்டும், அதை போர்டுல தன்னோட வகைக்கு நேரா அவனே வந்து ஒட்டட்டும். எப்படி ஒட்டணும்னு நீங்க முதல் தடவை சொல்லவே சொல்லாதீங்க. என்ன ஆகும்னா, சைக்கிள்காரங்க 7 பேர் நடுவுல நடுவுல இடம் விட்டு ஒட்டியிருப்பாங்க, பஸ்காரங்க 9 பேர் நெருக்கி ஒட்டியிருப்பாங்க, 7 உசரமா நிக்கும், 9 குட்டையா நிக்கும். அப்ப கேளுங்க, "சைக்கிள்லதான் நிறைய பேரு போல இருக்கே?"ன்னு. ஏதாவது ஒரு பொடிசு "டீச்சர், அது ஏமாத்து, அவங்க கேப் விட்டுருக்காங்க!"ன்னு கத்தும். அந்த நிமிஷம்தான் இந்தப் பாடத்துல முக்கியமான நிமிஷம். எல்லாரும் ஒரே அடிக்கோட்டுலேர்ந்து ஆரம்பிக்கணும், எல்லா சீட்டும் ஒரே சைஸா இருக்கணும், நடுவுல இடம் விடக்கூடாதுன்னு மூணு விதியையும் அவங்களே சண்டை போட்டு கண்டுபிடிச்சிடுவாங்க, நீங்க போர்டுல எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ண வைக்க வேண்டியதே இல்ல.

சரியா ஒட்டி முடிச்சதும் ஒவ்வொரு அடுக்கையும் சுத்தி சாக்பீஸால ஒரு கட்டம் போடுங்க, அப்புறம் சீட்டையெல்லாம் எடுத்துடுங்க. மிச்சம் இருக்குற வெறும் கட்டம்தான் பார். அதைக் காட்டி "இதுக்குள்ள யாரெல்லாம் இருந்தாங்க?"ன்னு கேளுங்க. சீட்டு போயிட்டதால எண்ண முடியல, அப்ப பக்கத்துல நம்பர் தேவைப்படுது, அச்சு அங்கதான் பிறக்குது. இந்த வரிசையில வந்த குழந்தைக்கு பாருங்கறது ஆளுங்க அடுக்கி நிக்கிற இடமாத்தான் தெரியும், கலர் அடிச்ச டப்பாவா தெரியாது.

அந்த "எத்தனை பேர் அதிகம்" கேள்வி

12னு சொன்ன குழந்தையை கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. "நடந்து வர்றவங்க", "எத்தனை பேர்", "அதிகம்" இந்த மூணும் காதுல விழுந்துடுச்சு, நடந்து வர்றது அதிகம்தான், அது 12 பேர்தான், அதனால 12. அவன் காதுல விழுந்த கேள்விக்கு அவன் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கான். 21னு சொன்னவன் ரெண்டு நம்பர் வந்தா கூட்டணும்னு பழகினவன். ரெண்டு பேருக்கும் கழித்தல் தெரியாம இல்ல, கழித்தல் கணக்கா எழுதிக் குடுத்தா 12லேர்ந்து 9ஐ கழிச்சு 3ன்னு போட்டுடுவாங்க. இந்தக் கேள்வி கழித்தலைக் கேக்குதுங்கறதுதான் புரியல.

"அதிகம்னு வந்தா கழிக்கணும்"னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லிக் குடுக்காதீங்க. இந்த மாதிரி குறுக்கு வழி ரெண்டு மாசம் ஓடும், அப்புறம் "நடந்து வர்றவங்க 12 பேரு, இது சைக்கிளைவிட 5 அதிகம், இன்னும் 2 பேர் புதுசா அதிகமா சேர்ந்தா எத்தனை?"ன்னு ஒரு கேள்வி வரும்போது கவுத்துடும். அதுக்குப் பதிலா ஜோடி சேருங்க. பஸ்ல வர்ற 9 பேரையும் ஒரு வரிசையா நிக்க வச்சு, நடந்து வர்ற 12 பேரையும் அவங்களுக்கு எதிர்ல நிக்க வச்சு, எதிரும் புதிருமா கை கோக்கச் சொல்லுங்க. ஜோடி இல்லாம மூணு பேர் நிப்பாங்க. "பஸ்ஸைவிட எத்தனை பேர் அதிகம்?"னு கேக்கும்போது நாம கேக்குறது இந்த மூணு பேரைத்தான்னு விரலால காட்டுங்க. அப்புறம் கிராஃப்புக்கு வந்து, பஸ் பாரோட உச்சியிலேர்ந்து நடந்து வர்றவங்க பார் வரைக்கும் படுக்கையா அடிஸ்கேலை வைங்க. அடிஸ்கேலுக்கு மேல துருத்திக்கிட்டு நிக்கிறது எத்தனை கட்டமோ அதான் பதில். கொஞ்ச நாள் அடிஸ்கேல் வச்சு பாப்பாங்க, அப்புறம் கண்ணாலயே பாப்பாங்க, அதுக்கும் அப்புறம் கழிப்பாங்க. "எத்தனை பேர் குறைவு?"ன்னும் அதே படத்தை வச்சு கேளுங்க, அதே மூணு பேருதான்னு தெரியும்போது சில குழந்தைங்களுக்கு ரொம்ப ஆச்சரியமா இருக்கும்.

6, 7, 9, 12ன்னு எழுதின பையன்

இவனைப் பத்தித்தான் நீங்க ரொம்ப கவலைப்பட்டு எழுதியிருக்கீங்க. பார் கிராஃப்ல குழந்தைங்க செய்யுற தப்புகள்ல இது ரொம்ப ரொம்ப சகஜமான ஒண்ணு. அவனுக்கு அச்சுங்கறது விடையை எழுதி வைக்கிற லிஸ்ட்டு, கையில இருக்குற நம்பரை சின்னதுலேர்ந்து பெருசா அடுக்கி எழுதிட்டான், அவ்வளவுதான். அச்சுங்கறது அளவுகோல், ஒவ்வொரு கட்டமும் சமமா ஏறணும்ங்கறது அவனுக்கு யாரும் காட்டல. ஒரு தடவை அவன் கிராஃப்பையும் சரியான கிராஃப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, அவனோடதுல நாலு பாரும் படிக்கட்டு மாதிரி 1, 2, 3, 4 கட்டம்னு ஒரே சீரா ஏறும். அதை அவன்கிட்டயே காட்டி, "12 பேருங்கறது 6 பேரைப் போல ரெண்டு மடங்கு, உன் படத்துல பாத்தா எத்தனை மடங்கு தெரியுது?"ன்னு கேளுங்க. நாலு மடங்கு. அவன் எழுதின 7க்கும் 9க்கும் நடுவுல 8 எங்க போச்சுன்னு கேளுங்க. அவனே அழிச்சுட்டு திருத்துவான்னு நினைக்கிறேன்.

கற்றல் குறைபாடுன்னு இதை வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது, அவங்க அம்மாகிட்ட இப்பவே அந்த வார்த்தையை சொல்லவும் வேண்டாம், ஒரு தடவை சொல்லிட்டா அந்த வீட்டுல அது லேசுல போகாது. கணக்குல வர்ற கற்றல் குறைபாட்டுக்கு டிஸ்கால்குலியான்னு பேரு, அது கணக்கோட அடிப்படையையே தொடுற பிரச்சனை, சின்னச் சின்ன எண்ணுல எது பெருசுன்னு சொல்லத் திணறுறது, ஒத்த வயசுப் பசங்க விரல் விடுறதை நிறுத்தின பிறகும் ரொம்ப சுலபமான கூட்டலுக்கும் விரல் விட்டுக்கிட்டே இருக்குறது, எவ்வளவு சொல்லிக் குடுத்தும் மாசக்கணக்கா அப்படியே நிக்கிறது, இதெல்லாம் சேர்ந்து வரும். அவனுக்கு அப்படி ஏதாவது இருக்கான்னு கவனிங்க, அவன் நோட்டு பக்கங்களை தேதி போட்டு சேத்து வைங்க, தனியா கொஞ்சம் நேரம் குடுங்க. அப்பவும் நகராம இருந்தா, அன்னைக்கு அவங்க அம்மாகிட்ட "இன்னின்ன இடத்துல திணறுறான், ஒரு தடவை சிறப்புக் கல்வி டீச்சர்கிட்டயோ உளவியலாளர்கிட்டயோ காட்டிப் பாக்கலாம்"னு நீங்க பாத்ததை மட்டும் சொல்லுங்க, பேரு வைக்கிற வேலையை அவங்க பாத்துப்பாங்க.

அடிக்கோட்டுல 1 போட்ட பொண்ணோட விஷயமும் இதே ஜாதிதான். அவ கட்டத்தை எண்ணாம கோட்டை எண்ணுறா. அடிக்கோட்டை 1ன்னு வச்சா 12 பேருக்கு 11 கட்டம்தான் வரும், 6 பேருக்கு 5தான் வரும், எல்லாரோட அடுக்குலயும் ஒருத்தர் காணாம போயிடுவாரு. சீட்டு ஒட்டுன போர்டுல "யாருமே இல்லாதப்போ அடுக்கு எங்க இருக்கும்?"னு கேளுங்க, அடிக்கோட்டைத் தொட்டுக் காட்டுவா, அந்த இடத்துக்குப் பேரு 0. இதுக்காகவே கிராஃப்ல "வேன்"னு ஒரு வகையையும் சேத்துடுங்க, அதுல யாரும் வரலன்னா பேரு மட்டும் இருக்கும், பார் இருக்காது. யாரும் இல்லாததும் ஒரு தகவல்தான், அதை விட்டுடக் கூடாதுன்னு பசங்க தெரிஞ்சுக்கட்டும்.

அளவை 2 ஆக்கும்போது

நீங்க ஒரு நாள் காலையில வந்து "இன்னைக்கு ஒரு கட்டத்துக்கு 2 பேர்"னு அறிவிச்சிருக்கீங்க. ஏன்னு பசங்களுக்குத் தெரியல, தேவையும் இல்ல, 12 கட்டம் நோட்டுல தாராளமா அடங்குது. அளவை மாத்துறதுக்கு ஒரு நெருக்கடி வேணும். நாலஞ்சு கிளாஸோட கணக்கையும் சேத்துக்கிட்டு வரச் சொல்லுங்க, நடந்து வர்றவங்க மட்டும் 58னு வரட்டும், பக்கம் பத்தாது. "இப்ப என்ன பண்றது?"ன்னு கேட்டுட்டு சும்மா நில்லுங்க. பக்கத்தை ஒட்டலாம்னு சொல்வாங்க, கட்டத்தை சின்னதாக்கலாம்னு சொல்வாங்க, ஒரு கட்டத்துல ரெண்டு பேரை உக்கார வைக்கலாம்னும் யாராவது சொல்வாங்க. எல்லாமே சரியான யோசனைதான், மூணையும் பேசுங்க.

9 எங்க நிக்கும்ங்கற சந்தேகத்துக்கு, கட்டத்துக்கு ரெண்டு பேருன்னா 4 கட்டத்துல 8 பேர் ஆச்சு, மிச்சம் ஒருத்தன், அவனுக்கு அரைக் கட்டம். சீட்டை ரெண்டா கிழிச்சு ஒட்டிக் காட்டினா முடிஞ்சுது. அச்சுல 8க்கும் 10க்கும் நடுவுல கோடு இல்லன்னாலும் அங்க 9 இருக்குன்னு விரலை வச்சு காட்டட்டும். அளவு மாறினதும் அந்த அடிஸ்கேல் வித்தை இன்னொரு தடவை வேணும், இப்ப மேல துருத்துறது ஒண்ணரைக் கட்டம், ஆனா பதில் 3 பேர். "ஒண்ணரைதான் தெரியுது, எப்படி மூணு?"ன்னு ஒரு குழந்தை கேட்டுச்சுன்னா உங்க பாடம் ஜெயிச்சிடுச்சுன்னு அர்த்தம். 2ம் 5ம் 10ம் பழகட்டும், 3, 4 இப்ப வேண்டாம். ஒரே தகவலை ரெண்டு அளவுல ரெண்டு பேர் வரைஞ்சு பக்கத்துல வச்சு, ஒண்ணு குட்டையாவும் ஒண்ணு உசரமாவும் இருந்தாலும் ரெண்டும் ஒரே சேதிதான்னு பேசிட்டீங்கன்னா அதுக்கு மேல பெருசா ஒண்ணும் வேண்டாம்.

ஏன் வரையணும்னு கேட்டா

"டேபிள்லயே இருக்கே, எதுக்கு டீச்சர் வரையணும்?"னு ஒரு குழந்தை கேட்டதா எழுதியிருந்தீங்க. அருமையான கேள்வி, அதை ஓரங்கட்டிடாதீங்க. வில்லியம் ப்ளேஃபேர்னு ஒருத்தர் 1786ல ஒரு புத்தகம் போட்டாரு, இங்கிலாந்து வியாபாரக் கணக்கு பல வருஷத்துக்கு கையில இருந்ததால அதையெல்லாம் ஏறி இறங்குற கோடா வரைஞ்சாரு. ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஒரே ஒரு வருஷக் கணக்குதான் கிடைச்சுது, கோடு போட வழியில்ல. அதனால 17 இடங்களோட நடந்த ஏற்றுமதி இறக்குமதியை இடத்துக்கு இடம் பாரா போட்டுட்டாரு. நாம இன்னைக்கு வரையுற பார் கிராஃப் அங்கேர்ந்து வந்ததுதான். ஒரு லிஸ்ட்டு நம்பரைப் படிச்சு மனசுல ஒப்பிடுறது கஷ்டம், பாத்தா ஒரே பார்வையில தெரியும், அதுக்குத்தான் வரையுறோம். இதை உங்க பசங்களுக்கு சொல்லலாம், நல்லா கேப்பாங்க.

ஆனா அதுக்கு கிராஃப்புக்கு முன்னாடி ஒரு நிஜமான கேள்வி இருக்கணும். ஸ்போர்ட்ஸ் பீரியட்ல எந்த விளையாட்டுக்கு சாமான் எடுக்கணும், சைக்கிள் நிறுத்த எவ்வளவு இடம் வேணும்னு ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணத்தான் கணக்கெடுக்குறோம்னு இருந்தா, கிராஃப் முடிஞ்சதும் அவங்களே அதைப் பாத்து பேச ஆரம்பிச்சிடுவாங்க.

கேள்விகளையும் கொஞ்சம் கலந்து போடுங்க. எது அதிகம் எது குறைவுங்கறதுல ஒண்ணு போதும். "பஸ்ஸும் பைக்கும் சேந்தா நடந்து வர்றவங்களைவிட அதிகமா?", "எல்லா பாரையும் கூட்டினா எவ்வளவு வரணும், வரலன்னா என்ன நடந்திருக்கும்?" (34 வரலன்னா யாரோ ரெண்டு தடவை கை தூக்கியிருக்காங்க, இல்ல ஒருத்தர் விட்டுப் போச்சு, இதைத் தேடுறது பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்), "பஸ் பாரையும் பைக் பாரையும் இடம் மாத்தி வச்சா சேதி மாறுமா?", "நாளைக்கு மழைன்னா இந்த கிராஃப் எப்படி மாறும்?" இப்படி. அப்புறம் நான் எப்பவும் கேக்கச் சொல்ற ஒண்ணு இருக்கு, "இந்த கிராஃப்பால எதை சொல்ல முடியாது?" யாரு பஸ்ல வர்றாங்கன்னு சொல்ல முடியாது, ஏன் வர்றாங்கன்னு சொல்ல முடியாது, யாருக்கு எது பிடிக்கும்னும் சொல்ல முடியாது. உசரமான பார்தான் நல்லதுன்னு நிறைய குழந்தைங்க நினைச்சுக்கிட்டு இருக்கும், அதுவும் இந்தக் கேள்வியில கரைஞ்சிடும்.

இதெல்லாம் ஓரளவு பழகின பிறகு கீழ வகைக்குப் பதிலா அங்கயும் எண்ணே வர்ற ஒரு கிராஃப் போட்டுப் பாருங்க, "இதுவரைக்கும் எத்தனை பல் விழுந்திருக்கு?"ன்னு. இந்த வயசுல எல்லாரும் வாயைத் திறந்து காட்டிக்கிட்டே வருவாங்க. கீழ அச்சுல 4, 5, 6, 7, 8ன்னு பல்லு, நிக்கிற அச்சுல எத்தனை பேரு. 8க்கு மேல 11 உசரத்துல ஒரு பார் இருந்தா "11 பல்லு"ன்னு பாதி பேர் சொல்வாங்க. உசரம் எப்பவும் ஆளுங்கன்னு முன்னாடியே பதிஞ்சிருந்தா "8 பல் விழுந்தவங்க 11 பேர்"னு முழு வாக்கியமா சொல்ல வரும். வராட்டி அவசரப்பட வேண்டாம், அடுத்த வருஷம் வரும்.

கம்ப்யூட்டரும் ஹெச்எம்மும்

பக்கத்து கிளாஸ் டீச்சர் சொல்றதை முழுசா தள்ளிட வேண்டாம். கம்ப்யூட்டர்ல போட்டா நம்பரை மாத்தினதும் பார் ஏறி இறங்குறதை நேரா பாக்கலாம், நிறைய கேள்வி கேக்க நேரம் கிடைக்கும். ஆனா அளவை யார் முடிவு பண்றது, 0 எங்க இருக்கணும், பேரை எங்க எழுதணும்ங்கற எல்லா முடிவையும் அதுவே எடுத்துடும், உங்க பசங்க சிக்கிட்டு இருக்குறது சரியா இந்த முடிவுகள்லதான். அதனால கையால நாலஞ்சு கிராஃப் போட்ட பிறகு கம்ப்யூட்டர். சில சமயம் அச்சு 0லேர்ந்து ஆரம்பிக்காம 5லேர்ந்து ஆரம்பிக்கிற கிராஃப்பும் வரும், அப்ப 6 பேர் ஒரு கட்டமாவும் 12 பேர் ஏழு கட்டமாவும் தெரியும். அதை ஒரு நாள் வேணும்னே போட்டு பசங்ககிட்ட காட்டி என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க.

ஹெச்எம்கிட்ட நீட்னஸ் வேண்டாம்னு வாதாடப் போகாதீங்க, கட்டம் சமமா இருக்குறதும் பார் ஒரே அகலத்துல இருக்குறதும் கணக்குக்கும் தேவைதான். மார்க்கை மட்டும் பிரிச்சுக் காட்டுங்க. 10 மார்க்குன்னா தலைப்பும் பேரும் எழுதினதுக்கு 2, அச்சு 0லேர்ந்து சமமா ஏறினதுக்கு 2, பார் சரியான உசரத்துல இருந்தா 2, கிராஃப்பைப் பாத்து சொந்தமா ரெண்டு வாக்கியம் எழுதினதுக்கு 4. அந்த ரெண்டு வாக்கியத்துல ஒண்ணாவது ரெண்டு பாரை ஒப்பிட்டு இருக்கணும்னு சொல்லிடுங்க. கலருக்கு மார்க் இல்ல, ஆனா அடிச்சா அடிச்சுக்கட்டும். பேப்பர்ல இப்படி எழுதி எடுத்துட்டுப் போனா அவருக்கும் எதைப் பாக்கணும்னு தெரியும், உங்களுக்கும் எந்தக் குழந்தை எந்த இடத்துல நிக்குதுன்னு நோட்டைத் திறந்ததுமே தெரிஞ்சிடும்.